பூட்டாத கதவும் பூட்டாத துப்பாக்கியும்

2004 அக்டோபரில் ஒரு சாயங்காலம், மிச்சிகனில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மெண்ட் கதவை யாரோ தட்டினார்கள். அமெரிக்கா வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. முதலில் டிவி சத்தத்தைக் குறைத்தேன். அப்புறம் ஹால் விளக்கை அணைத்தேன். மனைவி அடுப்படியில் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன். அவளும் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றாள். பெருங்காய வாசம் கதவிடுக்கு வழியாக நடை முழுக்கப் போயிருக்கும். உள்ளே ஆளில்லை என்று நாடகம் போடுகிற லட்சணம் அது. மறுபடி இரண்டு தட்டு. பிறகு காலடிச் சத்தம் பக்கத்து வீட்டுக்கு நகர்ந்தது. ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தால் பத்து வயசுப் பையன். பள்ளிக்கூடத்து பேண்ட் குழுவுக்குக் காசு சேர்க்க ஒரு டாலர் சாக்லேட் விற்றுக்கொண்டு வருகிறான். நெஞ்சோடு அணைத்துப் பிடித்த அட்டைப்பெட்டிக்கு மேல் அவன் கண் மட்டும்தான் தெரிந்தது. கீழே காரில் அவன் அம்மா காத்திருந்தார்.

கதவு தட்டினால் ‘யாரு?’ என்று கேட்டபடியே எழுந்து போய்த் திறக்கிற வீட்டில் வளர்ந்தவன் நான். ஆறே வாரத்தில் அந்தப் பழக்கம் எப்படிப் போனது என்று யோசித்தால், எனக்கு முன்னால் வந்த நம் ஆட்களின் அறிவுரைதான் நினைவுக்கு வருகிறது. இருட்டினால் கதவைத் திறக்காதே. டெட்ராய்ட் பக்கம் போனால் சிக்னலில் கண்ணாடியை ஏற்றிவிடு. திருடன் வந்தால் கொடுக்கத் தனியாக இருபது டாலர் வைத்திரு. சொன்னவர்களில் ஒருவருக்காவது ஏதாவது நடந்திருந்ததா என்றால், இல்லை. அவர்களுக்கும் யாரோ சொன்னது. மிச்சத்தை ராத்திரி பதினோரு மணி உள்ளூர்ச் செய்தி பார்த்துக்கொண்டது. தினமும் மஞ்சள் நாடா, சிவப்பு நீல விளக்கு, ‘சந்தேக நபர் தப்பியோட்டம்’.

அந்தக் குளிர்காலத்தில்தான் ஊர் நூலகத்தில் ஓசியில் கிடைத்த டிவிடியில் ‘பௌலிங் ஃபார் கொலம்பைன்’ பார்த்தேன். மைக்கேல் மூர் 2002இல் எடுத்த ஆவணப்படம். கான் விழாவில் சிறப்புப் பரிசும் 2003 மார்ச்சில் ஆஸ்கரும் வாங்கியது. ஈராக் போர் தொடங்கி நாலு நாள்கூட முழுசாக ஆகாத நிலையில், ஆஸ்கர் மேடையிலேயே புஷ்ஷைத் திட்டி, பாதி கைதட்டலும் பாதி கூச்சலுமாக வாங்கிக்கொண்டு இறங்கினாரே, அதே ஆள். போன மாதம் அதை மறுபடி பார்த்தேன். இந்த இருபது வருஷத்தில் அந்தப் படத்தோடு எனக்கு இருந்த உறவு கொஞ்சம் மாறிப்போயிருக்கிறது.

முதலில் படத்தைப் பற்றி. 1999 ஏப்ரல் 20, கொலராடோ மாநிலம் லிட்டில்டன். கொலம்பைன் உயர்நிலைப் பள்ளிக்குள் அங்கேயே படித்த இரண்டு பையன்கள் துப்பாக்கிகளோடு போய் 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் கொன்றுவிட்டுத் தாங்களும் சுட்டுக்கொண்டு செத்தார்கள். ஏன் என்று நாடே கேட்டது. வீடியோ கேம், ஹாலிவுட், மர்லின் மேன்சன் பாட்டு என்று ஆளுக்கொரு பதில். அன்று காலை அந்தப் பையன்கள் பௌலிங் (பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற ஆட்டம்) வகுப்புக்குப் போனதாக ஒரு பேச்சு இருந்தது. அப்படியானால் பௌலிங்கையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாமே என்கிற நக்கல்தான் தலைப்பு. (போலீஸ் கணக்குப்படி அன்று அவர்கள் அந்த வகுப்புக்கே போகவில்லை. மூருக்கு இது வாடிக்கை. நக்கல் நன்றாக அமைந்துவிட்டால் தகவல் கொஞ்சம் வளைந்துகொடுக்கும்.)

படம் ஒரு வங்கியில் ஆரம்பிக்கிறது. மிச்சிகனின் வடக்கே உள்ள வங்கி. குறிப்பிட்ட டெபாசிட் போட்டால் வட்டிக்குப் பதில் துப்பாக்கி. மூர் கணக்குத் திறந்து, படிவம் நிரப்பி, ரைஃபிளைத் தோளில் வைத்துக் குறிபார்த்துவிட்டு, வங்கிக்குள் துப்பாக்கி கொடுப்பது கொஞ்சம் ஆபத்தில்லையா என்று அப்பாவியாகக் கேட்கிறார். நான் வாய்விட்டுச் சிரித்த இடம். நம் ஊரில் எவர்சில்வர் டப்பா கொடுப்பார்கள். இந்த மனிதரே சின்ன வயதில் குறிபார்த்துச் சுடுவதில் பரிசு வாங்கியவர், துப்பாக்கி உரிமைக்காகக் குரல் கொடுக்கிற தேசிய ரைஃபிள் சங்கத்தின் ஆயுள் உறுப்பினர் என்பதையும் படம் மறைக்கவில்லை. வெளியாள் எடுத்த படம் இல்லை என்பதுதான் அதன் பலம்.

எனக்கு இன்னும் மறக்காத இடம் வேறு. ஓக்லஹோமா சிட்டியில் 1995இல் வெடிகுண்டு வைத்து 168 பேரைக் கொன்ற வழக்கில் தண்டனை பெற்றவர்களில் ஒருவரின் அண்ணன் ஜேம்ஸ் நிக்கோல்ஸ். மிச்சிகன் விவசாயி. அரசாங்கம் கொடுங்கோலாட்சியாக மாறினால் மக்கள் ஆயுதம் ஏந்த வேண்டும் என்று பேசுகிறார். தலையணைக்கு அடியில் தோட்டா போட்ட துப்பாக்கி வைத்துத் தூங்குகிறவர். மூர் கேட்கிறார்: காந்தி துப்பாக்கி இல்லாமலேயே பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தை வென்றாரே, அந்த வழியில் போகக்கூடாதா? நிக்கோல்ஸ் ஒரு கணம் முழிக்கிறார். தனக்கு அதைப்பற்றித் தெரியாது என்கிறார். அவ்வளவுதான். கேலி இல்லை, வாதம் இல்லை. முதல் முறை சிரித்தேன். இரண்டாம் முறை அந்த முழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மனிதர் பொய் சொல்லவில்லை.

மூரின் வாதம் எளிமையானது. துப்பாக்கிக் கொலைகளை நாடு நாடாக அடுக்குகிறார். ஓராண்டில் ஜப்பானில் 39, ஆஸ்திரேலியாவில் 65, பிரிட்டனில் 68, கனடாவில் 165, பிரான்ஸில் 255, ஜெர்மனியில் 381, அமெரிக்காவில் 11,127. மக்கள்தொகையால் வகுக்காமல் எண்களை அப்படியே அடுக்குவது போங்கு. சரி, நாமே வகுத்துப் பார்ப்போம். அமெரிக்கா கனடாவைப்போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு. 165ஐ ஒன்பதால் பெருக்கினாலும் 1,500க்குள்தான் வருகிறது. பாக்கி ஒன்பதாயிரத்துச் சொச்சத்துக்கு என்ன பதில்?

வரலாற்றில் ரத்தம் சிந்தியதா? ஜெர்மனியும் ஜப்பானும் சிந்தாததா? வன்முறைப் படமா? அதே படத்தைத்தானே பாரிஸிலும் டோக்கியோவிலும் பார்க்கிறார்கள்? துப்பாக்கி அதிகமா? கனடாவிலும்தான் வேட்டைத் துப்பாக்கி ஏராளம். ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு மூர் கடைசியில் வந்து நிற்கிற பதில், பயம். தொண்ணூறுகளில் அமெரிக்காவில் கொலைகள் 20 சதவீதம் குறைந்தபோது, தேசியத் தொலைக்காட்சிச் செய்திகளில் கொலைச் செய்தி 600 சதவீதம் கூடியது என்று சமூகவியல் பேராசிரியர் பாரி கிளாஸ்னர் சொல்கிறார். பயந்தவன் பூட்டு வாங்குவான், அலாரம் வாங்குவான், துப்பாக்கி வாங்குவான். அந்தப் பயத்துக்குப் பெரும்பாலும் ஒரு தோல் நிறமும் இருக்கிறது என்பதையும் படம் தயங்காமல் சொல்கிறது. சிக்னலில் கண்ணாடியை ஏற்றச் சொன்ன அறிவுரைக்கு என்ன நிறம் என்று நானும் அப்போதுதான் யோசித்தேன். பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு கனடா. மூர் டொராண்டோவில் ஒரு தெருவில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தள்ளுகிறார். பூட்டவில்லை. திறக்கிறது. உள்ளே இருப்பவர்கள் திடுக்கிட்டாலும் சண்டைக்கு வரவில்லை, சாதாரணமாகப் பேசுகிறார்கள். பார்த்துவிட்டு எனக்குப் பெரிய பரவசம். டெட்ராய்ட்டிலிருந்து ஆற்றைத் தாண்டினால் விண்ட்சர். நாங்கள் தெற்குப் பக்கமாகப் போய்க் கனடாவுக்குள் நுழைகிற விசித்திர ஊர்க்காரர்கள். அந்த வசந்தத்தில் ஸ்கார்பரோவில் நண்பனின் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது, அங்கே ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவரிடம் கேட்டேவிட்டேன். “ஐயா, இங்க யாரும் வீட்டைப் பூட்ட மாட்டீங்களாமே?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “தம்பி, உமக்கு ஆர் சொன்னது? நான் ரெண்டு பூட்டுப் போட்டிருக்கிறன்.” கொஞ்சம் பொறுத்து, “ஆனா ராத்திரி ஆரும் தட்டினா எழும்பிப் போய்த் திறப்பன். அங்க இருக்கேக்க அது ஏலாது” என்றார். ‘அங்க’ என்றது எந்த வருஷத்து யாழ்ப்பாணம் என்று நான் கேட்கவில்லை.

பூட்டு இருந்ததா இல்லையா என்பதைவிட அந்த இரண்டாவது வாக்கியம்தான் மூர் தேடிய விஷயம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அது பிடிபடவில்லை. படம் சொன்னது பொய் என்று மட்டும் எடுத்துக்கொண்டு, கொஞ்ச நாள் மூர் மேல் கோபமாக இருந்தேன்.

கோபத்துக்கு வேறு காரணமும் இருந்தது. கொலம்பைன் சாவுகள் முடிந்த கையோடு படத்தில் சார்ல்டன் ஹெஸ்டன் வருகிறார். பழைய ஹாலிவுட் நாயகர், அப்போது ரைஃபிள் சங்கத் தலைவர். துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கி, என் செத்த கையிலிருந்துதான் இதைப் பிடுங்க முடியும் என்று முழங்குகிறார். சாவு வீட்டு வாசலில் நின்று கொக்கரித்தது போல இருக்கும். உண்மையில் அந்த முழக்கம் ஒரு வருஷம் கழித்து வேறொரு ஊர்க் கூட்டத்தில் நடந்தது. கொலம்பைனுக்குப் பக்கத்து டென்வரில், சாவுகள் நடந்த சில நாளிலேயே அந்தச் சங்கம் கூடியது நிஜம். கூட வேண்டாம் என்று மேயர் கேட்டும் கூடியது நிஜம். நிஜமே போதுமான அளவுக்கு அசிங்கமாக இருக்கும்போது ஏன் ஒட்டுப்போட வேண்டும்? கடைசியில் ஹெஸ்டன் வீட்டுப் பேட்டியும் அப்படித்தான். கேள்விக்குப் பதில் சொல்லத் திணறி எழுந்து போகிற கிழவரின் முதுகைக் கேமரா துரத்துகிறது. 2004இல் எனக்கு அது வெற்றியாகத் தெரிந்தது. அவருக்கு அல்சைமர் அறிகுறிகள் இருந்ததாக 2002 ஆகஸ்டில் அவரே அறிவித்தார். இப்போது அந்தக் காட்சியை முழுசாகப் பார்க்க முடியவில்லை.

ஆனால் கேமார்ட் காட்சி அப்படியில்லை. கொலம்பைனில் சுடப்பட்டுப் பிழைத்த இரண்டு பையன்கள், அவர்களில் ஒருவன் சக்கர நாற்காலியில், உடம்புக்குள் இன்னும் தோட்டாவோடு கேமார்ட் தலைமையகத்துக்கு வருகிறார்கள். உங்கள் கடையில் வாங்கிய தோட்டா, திருப்பித் தர வந்திருக்கிறோம் என்பதுதான் சங்கதி. மறுநாள் நிறுவனமே இறங்கிவந்து, 90 நாளில் கைத்துப்பாக்கித் தோட்டா விற்பனையை நிறுத்துகிறோம் என்று அறிவிக்கிறது. மூருக்கே நம்ப முடியவில்லை, முகத்தில் தெரிகிறது. அந்தக் கட்டடம் எங்கள் பக்கத்து டிராய் நகரில், பிக் பீவர் சாலையில், சாமர்செட் மாலுக்கு எதிரே இருந்தது. பழுப்பு நிறத்தில், பார்க்கிங் லாட்டில் புல் முளைத்து, பல வருஷம் காலியாகக் கிடந்தது. வாராவாரம் அதைத் தாண்டித்தான் போவேன். 2023 கடைசியில் இடிக்க ஆரம்பித்தார்கள்.

படத்தில் இன்னொரு இடமும் எங்கள் ஏரியாதான். 2000 பிப்ரவரி 29. பிளின்ட் நகரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆரம்பப் பள்ளி. ஆறு வயசுப் பையன் கூடப் படித்த ஆறு வயசுப் பெண் குழந்தையைச் சுட்டுக் கொன்றான். துப்பாக்கி மாமன் வீட்டில் கிடைத்தது. பையனின் அம்மா வாடகை கட்ட முடியாமல் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டு, பிள்ளைகளைத் தம்பி வீட்டில் விட்டிருந்தார். அரசு உதவி வேண்டுமானால் வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்ற விதி. விடிவதற்கு முன் பஸ் ஏறி, ஆபர்ன் ஹில்ஸில் ஒரு மாலில் இரண்டு வேலை. பையன் துப்பாக்கியை எடுத்ததைப் பார்க்க அவர் வீட்டில் இல்லை. அந்த பஸ்ஸில் மூர் ஏறிப் போகிறார். இருட்டு, தூங்கி வழிகிற முகங்கள், ஐ-75 நெடுஞ்சாலை. பாண்டியாக் பராசக்தி கோவிலுக்குப் போய்விட்டுத் திரும்புகையில் நாங்கள் குழந்தைக்கு ஸ்வெட்டர் வாங்குகிற மால் அது. தள்ளுபடி இருந்தால் கூட்டமாகப் போவோம். படம் பார்த்த அடுத்த முறை போனபோது, உணவுக் கூடத்தில் தட்டு எடுக்கிற பெண்ணிடம் எந்த ஊர் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

இந்தக் கதையில் மூர் ஏழ்மையைப் பார்த்தார், விதியைப் பார்த்தார், அந்த அம்மா வேலை பார்த்த உணவகத்துக்குப் பெயர் கொடுத்த தொலைக்காட்சி நட்சத்திரம் தன்னிடம் பேசாமல் வேன் கதவைச் சாத்திக்கொண்டதையும் காட்டினார். எல்லாம் சரி. ஒன்றே ஒன்றில் மட்டும் அவர் நிற்கவே இல்லை. அந்தத் துப்பாக்கி ஆறு வயசுக் கைக்கு எட்டுகிற மாதிரி, பூட்டாமல் கிடந்தது.

கனடா விஷயத்துக்கு இங்கேதான் திரும்ப வர வேண்டியிருக்கிறது. அங்கே துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். கைத்துப்பாக்கியைப் பதிவு செய்யும் சட்டம் 1934இலிருந்தே உண்டு. வீட்டில் வைக்கும் வேட்டைத் துப்பாக்கியைத் தோட்டா எடுத்துவிட்டுப் பூட்டித்தான் வைக்க வேண்டும், சட்டம். கதவைப் பூட்டாத வீட்டிலும் துப்பாக்கி பூட்டியிருக்க வேண்டும். மூரின் கேமரா வாசல் கதவோடு நின்றுவிட்டது. பயம் என்பது பெரிய விஷயம், படத்துக்குப் பொருத்தமான விஷயம். அலமாரிப் பூட்டை வைத்து யார் படம் எடுப்பார்கள்?

2021 நவம்பர் 30 மத்தியானம் எங்கள் ஆபீஸ் வாட்ஸப் குழுக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறின. ஆக்ஸ்ஃபோர்ட் உயர்நிலைப் பள்ளி. எங்கள் வீட்டிலிருந்து இருபத்தைந்து நிமிஷ ஓட்டம். 15 வயசு மாணவன், நாலு பிள்ளைகள் சாவு, ஏழு பேருக்குக் காயம். துப்பாக்கியை நாலு நாளைக்கு முன்னால் அப்பா வாங்கியிருந்தார், பிளாக் ஃபிரைடே அன்று. நாங்களும் அன்று கடையில்தான் இருந்தோம், டிவி வாங்க. அந்த வாரம் மிரட்டல் செய்திகள் பரவி, சுற்றுவட்டாரத்தில் பள்ளிகள் வரிசையாக மூடின. என் மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. திரும்பத் திறந்த வாரம், துப்பாக்கியோடு யாராவது வந்தால் ஒளிந்துகொள்கிற ஒத்திகை நடந்திருக்கிறது. சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: “இன்னைக்கு லைட் ஆஃப் பண்ணிட்டு மூலைல உக்காந்தோம்பா. சத்தம் வரக்கூடாதுன்னு மிஸ் லாலிபாப் குடுத்தாங்க. எனக்கு கிரேப்.” விளக்கை அணைத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் இருப்பது. எனக்கு 2004 நினைவுக்கு வந்தது. என்ன, நான் ஒளிந்தது சாக்லேட் பையனுக்குப் பயந்து.

அந்த மாணவனின் அப்பா, அம்மா இருவரையும் 2024இல் நடுவர் குழு குற்றவாளிகள் என்றது. பள்ளியில் பலரைச் சுட்டுக் கொன்ற பிள்ளைக்காகப் பெற்றவர்கள் இப்படித் தண்டிக்கப்பட்டது அமெரிக்காவில் அதுவே முதல் முறை. தலைக்குப் பத்து வருஷத்துக்குக் குறையாமல் சிறை. இதற்கிடையே 2023 பிப்ரவரி 13 அன்று மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மூன்று மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். சரியாக ஒரு வருஷம் கழித்து, 2024 பிப்ரவரி 13 முதல், சிறுவர் இருக்கும் வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும் என்கிற சட்டம் மாநிலத்தில் அமலுக்கு வந்தது. பிளின்ட் குழந்தை செத்து இருபத்து நாலு வருஷம்.

இன்னொன்றையும் படம் பெரிதாகப் பேசவில்லை. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,830. அதில் 26,328 பேர் தற்கொலை. பாதிக்கு மேல். வாசலில் வரப்போகிற யாரோ ஒருவனுக்காக வாங்கி வைத்தது, வீட்டுக்குள்ளேயே வேலையை முடித்துவிடுகிறது.

2020 கொரோனாவில் எங்கள் வட்டத்தில் ஓர் அண்ணாச்சி துப்பாக்கி வாங்கினார். திருநெல்வேலிக்காரர், கோழிக்கறி தவிர எதையும் வெட்டியறியாதவர். எச்1பி விசாவில் இருக்கும்வரை பெரும்பாலும் அதை வைத்துக்கொள்ள முடியாது. அவருக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டது. டாய்லெட் பேப்பருக்கு வரிசை நின்ற அதே மாதம் துப்பாக்கிக் கடையிலும் வரிசை நின்றது, அவரும் நின்றிருக்கிறார். “நாளைக்கு அரிசி இல்லன்னா எவன் எப்படி மாறுவான்னு சொல்ல முடியாதுல்லா” என்றார். எங்கள் வீட்டில் எழுபது பவுண்டு பொன்னி அரிசி இருப்பது அவருக்குத் தெரியும். அதனால் நான் கொஞ்சம் யோசித்தேன்.

ஒருநாள் காட்டினார். ஸ்டூல் போட்டு ஏறி, உடுப்பலமாரி மேல் தட்டில், பட்டுச்சேலைக் கவர்களுக்குப் பின்னாலிருந்து ஒரு தாம்பூலப் பையை எடுத்தார். மணமக்கள் பெயர் அச்சடித்த மஞ்சள் துணிப்பை. அதற்குள்ளே துண்டில் சுற்றிக் கறுப்பாக ஒன்று. கையில் வாங்கிப் பார்த்தேன். படத்தில் பார்ப்பதைவிடக் கனம். துண்டில் இன்னும் நாப்தலீன் வாசம். கட்டிலில் படுத்து ஐபேட் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய சின்ன மகன், எட்டு வயசு, தலையைத் தூக்காமலே கேட்டான்: “அங்கிளுக்குக் காட்டியாச்சா?”

அண்ணாச்சி அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். துண்டைச் சுற்றிப் பைக்குள் வைத்து அதே இடத்தில் ஏற்றிவிட்டு, காபி சாப்பிடலாம் என்றார்.

புதுச் சட்டம் வந்ததும் அவரே போன் பண்ணினார். நல்ல இரும்புப் பெட்டகம் வாங்கிவிட்டாராம், எண் அமுக்கித் திறக்கிற மாதிரி, சுவரோடு சேர்த்து போல்ட் போட்டாயிற்றாம். போய்ப் பார்த்தேன். நிஜமாகவே நல்ல பெட்டகம். எண்ணை மதினிதான் போட்டிருக்கிறார், அண்ணாச்சிக்கே தெரியாது. மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

“பேட்டரி தீர்ந்துபோனா?” என்று கேட்டேன்.

“அதுக்குத்தான் சாவி குடுத்திருக்கானே” என்று சொல்லி, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, சேலைக் கவர்களுக்குப் பின்னாலிருந்து அந்தத் தாம்பூலப் பையை எடுத்தார்.

சின்னவனுக்கு இப்போது பன்னிரண்டு. ஸ்டூல் தேவையில்லாத உயரம்.